குசினிக்குள் ஓடிய கான்

எங்கள் தோட்டத்தில் மட்டமான தரை என்று ஒன்று கிடையாது. முற்றத்தில் ஒரு தேங்காயை வைத்தால் பக்கத்து டிவிசனில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அப்படிப்பட்ட மலையில் ஒரே ஒரு கோடு மட்டும் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் சுற்றிப் போகும். அதுதான் பழைய ஸ்டோர்க் கான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஓடையை மேலே மறித்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கால்வாய்போல் கான் வெட்டி, அந்தத் தண்ணீரைக் குழாயில் கீழே விழவைத்து ஸ்டோர் மெசினை ஓட்டினார்கள்.

பிறகு கரண்ட் வந்தது, கானுக்கு வேலை போனது. பிறகு ஸ்டோருக்கே வேலை போனது. கொழுந்து இப்போது லொறி ஏறி வேறு தோட்டத்துக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்த கானில் தண்ணீர் ஓடியது. பள்ளிக்கூடத்துக்கு அதன் கரையால்தான் போவோம். சப்பாத்தைக் கழற்றி மிதக்கவிட்டு, முந்தி ஓடிப்போய்ப் பிடிப்பது விளையாட்டு. மற்றவர்கள் பிடித்தார்கள். என்னுடைய வலது சப்பாத்து நேரே போய் ஸ்டோர்க் குழாயின் கம்பிவலையில் குந்திக்கொண்டது. அன்றைக்கென்று மெசினும் நின்றுவிட்டது. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். மெசின் நின்றதற்குக் காரணம் வேறு என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. வாங்கிய அடியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

தண்ணீர் நின்றபின் கான் தூர்ந்தது. ஆட்கள் வரிசை வீடுகளான லயத்தை விட்டுச் சரிவில் ஆளுக்கொரு வீடு கட்டியபோது, அது லீக்ஸ் பாத்தியாகவும் துணி காயப்போடும் இடமாகவும் மாறியது. பங்குனி வெயிலில் நோர்வூட் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மலைக்குக் குறுக்கே பச்சை நாடா கட்டியதுபோல் தெரியும். ஈரம் அவ்வளவு லேசில் மறக்காது.

நான் அந்த நாடாவின் மேல் சமையலுக்குக் குசினி கட்டினேன். மற்றவர்கள் மண்மேட்டை வெட்டி, கல் அடுக்கி மாதக்கணக்கில் முறிந்தார்கள். நான் மண்வெட்டியைத் தொடவே இல்லை. "கொஞ்சம் மூளையப் பாவிக்கணும்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சயன்ஸ் மாஸ்டர் அல்லவா!

குசினித் தரை மட்டும் எப்போதும் நசநசவென்றிருக்கும்.

"ஏங்க, இந்தத் தரை காயவே காயாதா?" என்பாள் மனைவி.

"காத்துல இருக்கிற நீராவி குளிர்ந்து படியுது."

"அது ஏன் நம்ம குசினிக்கு மட்டும் தேடி வந்து படியுது?"

இதற்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. அவள் இறம்பொடைப் பக்கம். கல்யாணமாகி வரும்போது கான் தூர்ந்து மேலே புல் முளைத்துவிட்டது. எனக்கு வசதியாகப் போயிற்று.

போன மாதம் காணி உறுதிப் பத்திரம் கொடுப்பதற்காக சர்வேயர் வந்தார். இளவயதுச் சிங்களப் பையன், மரியாதையானவர். கானும் இரண்டு கரையும் தோட்டத்துக்குச் சொந்தம், அதற்கு உறுதி கிடையாது என்றார். கையில் பழைய வரைபடம். அது மடிப்பில் கிழிந்து, சரியாக எங்கள் வீடுகள் இருக்கும் இடத்தில் ஓட்டை. ஆகவே ஆட்களிடம் கேட்டார்.

அன்று காலை எங்கள் மலையில் பத்துக் கான் ஓடியது. அவரவர் ஞாபகத்தில் அது பக்கத்து வீட்டு வழியாகவே ஓடியது.

எனக்கு அடுத்த மேல்தட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். ஒரு அறை, ஒரு விறாந்தை, பாய் விரித்த அளவில் போஞ்சிப் பாத்தி. "உறுதி கைக்கு வந்துட்டா சாகுற வரைக்கும் யாரும் எழும்பச் சொல்ல மாட்டான்ல" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். கானின் அகலத்தை என் துண்டில் வெட்டினால் எனக்குக் குசினி போகும், வீடு மிஞ்சும். அவர் துண்டில் வெட்டினால் விறாந்தைதான் மிஞ்சும்.

"மாஸ்டர் சேர், உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?" என்று சர்வேயர் சிங்களத்தில் கேட்டார்.

பொய் சொல்ல நினைக்கவில்லை என்றுதான் எழுத ஆசை. விரல் தானாக மேல்தட்டைக் காட்டியது. வாய் விரலுக்கு உதவியாக, நீர்மட்டம், சாய்வு என்று ஒரு பாடமே நடத்தியது. சர்வேயர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "மாஸ்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் உள்ளே போனேன்.

"குசினி தப்பிச்சிருச்சா?" என்றாள் மனைவி.

"தப்பிச்சிருச்சு."

சர்வேயரின் கோப்பையில் சீனி ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

தட்டோடு வெளியே வந்தபோது அக்கா போஞ்சிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கொடியில் காயோடு பூவும் இருந்தது.

"ஏன்க்கா புடுங்குறீங்க?"

"சர்வேயர் மாத்தயா எல்லை முளை அடிக்கணும்ல. மிதிபட்டு வீணாப் போறதுக்கு முன்ன காய ஆஞ்சிக்கிறேன். ஒங்க வீட்டுக்கும் ஒரு பிடி தாரேன், இருங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டு சர்வேயரிடம் போனேன்.

"மாத்தயா, நான் சொன்னது பிழை. கான் மேல போகல்ல."

"அப்ப எங்க?"

"என் குசினிக்குள்ள."

சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்தார். காலையிலிருந்து நான் விட்ட பகிடிகளில் இதுதான் நல்லது என்று நினைத்துவிட்டார். சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தார். அறுபது வருசம் பகிடியே விட்டவன் ஒருநாள் உண்மை பேசினால் இதுதான் கதி.

கடைசியில் அக்காதான் காப்பாற்றினார். "சிரிக்காதீங்க மாத்தயா. நீங்க ஏறி நிக்கிற கல்லு நான் கான்ல துணி துவைச்ச கல்லு. குசினி கட்டுறப்ப மாஸ்டரு அத அசைக்க முடியாம வாசப்படியா விட்டுட்டாரு."

சர்வேயர் குனிந்து பார்த்தார். கல் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. தினமும் அதை மிதித்துத்தான் நான் குசினிக்குள் போகிறேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா பேசாம இருந்தீங்க?"

"எம் மகளுக்கே படிச்சுக் குடுத்தவரு நீங்க. ஊர் முன்னால ஒங்களப் பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று பிடுங்கிய கம்பை மறுபடி ஊன்றினார். என்னை மன்னித்ததாகவும் தெரியவில்லை, கோபித்ததாகவும் தெரியவில்லை. கம்பு நேராக நிற்கிறதா என்பதில்தான் அவருக்குக் கவனம்.

சர்வேயர் கருவியை வைத்துப் பார்த்தார். கோடு தப்பவில்லை. முதல் முளை குசினிக்கு வெளியே, இரண்டாவது அடுப்புக்குப் பக்கத்தில். அளவு நாடாவின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

அவர் போனபிறகு மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முளையைப் பார்த்தாள்.

"ஆக, வீடு நம்ம பேர்ல. குசினி தோட்டத்துப் பேர்ல."

"அப்படித்தான்."

"அப்ப தோட்டத்துத் தொரையையே வந்து சமைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஏறிப் போனாள்.

அன்று மத்தியானம், முளையில் கால் இடிபடாமல் சுற்றிச் சுற்றி நடந்து, நான்தான் சமைத்தேன்.