யார் தப்புன்னு அங்க கேக்க மாட்டாங்க

எங்க வீட்டுக்காரியைப் பத்திப் பேச்சு வந்தா நான் காலரைக் கொஞ்சம் தூக்கி விட்டுக்குவேன். அமெரிக்காவுல, பிளெய்ன்ஸ்பரோவுல எங்க அபார்ட்மென்ட்ல பாதிப் பேருக்குக் காரணம் தெரியும். மீதிப் பேருக்கு இப்பச் சொல்றேன்.

குழந்தைங்க உட்கார்ந்து சாப்பிடற உயர நாற்காலி செய்யற கம்பெனியில அவளுக்கு வேலை. நாற்காலி ஐரோப்பாவுக்கும் போகுது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு ஒத்து வருதான்னு பார்க்கறது இவதான். எங்க கிரீன் கார்டுக்கும் அந்தக் கம்பெனிதான் அப்ளை பண்ணியிருக்கு. அதனால அவ மேனேஜர் தும்மினா எனக்கு ஜுரம் வரும்.

போன குளிர்காலத்துல ஐரோப்பாவுல ஒரு வீட்டுல நாற்காலியோட பெல்ட் கிளிப் உடைஞ்சு, குழந்தை விழுந்து, கை எலும்பு முறிஞ்சுடுச்சு. விசாரிச்சா, ஃபேக்டரியில ஒரு ஆபரேட்டர் மெஷினைத் தப்பா செட் பண்ணியிருக்கார். ஆள் மாட்டிட்டான்னு கம்பெனியில எல்லாருக்கும் நிம்மதி. அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டு, 'நாங்க ஒழுங்காத்தான் செஞ்சோம், ஒரு தொழிலாளி பண்ணின தப்பு'ன்னு அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிடலாம்னு மேனேஜர் முடிவு பண்ணிட்டார். இவ சரின்னு சொல்றதுதான் பாக்கி.

தான் சரின்னு சொல்லப் போறதில்லைன்னு மீட்டிங்குக்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னா. நியாயமெல்லாம் கார்டு வந்தப்புறம் பேசிக்கலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு கெஞ்சினேன். அப்புறம் கத்தவும் கத்தினேன். இங்க நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், கார்டு வந்தாத்தான் முதுகெலும்பு வரும். அவ ரசத்தைக் குடிச்சிட்டு எழுந்து போயிட்டா.

மறுநாள் வீட்டுல இருந்தே மீட்டிங். நான் சமையல்கட்டுல வெண்டைக்காய் நறுக்கற சாக்குல ஒட்டுக் கேட்டேன். குரலே ஏறல அவளுக்கு. கிளிப்புல குறை இருந்துச்சா, அதனால குழந்தைக்கு அடிபட்டுச்சா, அதைத்தான் அங்க கோர்ட்டுல பார்ப்பாங்க, நாம எவ்வளவு கவனமா இருந்தோம்ங்கறது நம்மைக் காப்பாத்தாதுன்னா. வேலைக்காரர் வேலையில செஞ்ச தப்பும் வேலைக்கு வெச்சவங்க தலையிலதான், அவரைத் தூக்கினாலும் நம்ம பொறுப்பு ஒரு பொட்டுக் குறையாதுன்னா. அப்ப யார் தப்புன்னுதான் சொல்றதுன்னு மேனேஜர் எரிஞ்சு விழுந்தார்.

"நம்ம தப்புன்னு சொல்லுங்க. நாற்காலியில நம்ம பேர்தானே ஒட்டியிருக்கு?"

இங்கிலீஷ்லதான் சொன்னா, எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு. எனக்குப் பயமாவும் இருந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

கடைசியில கம்பெனியே பொறுப்பு ஏத்துக்கிச்சு. அந்த கிளிப் போட்ட நாற்காலியெல்லாம் திரும்ப வந்துச்சு. தப்பா செட் பண்ணினா ஓடவே ஓடாத மாதிரி மெஷினை மாத்திட்டாங்க. ஆபரேட்டர் அதே மெஷின்லதான் இருக்கார். இவ அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. தனக்காக ஒருத்தி பேசினான்னு அவருக்கும் தெரியாது.

கிரீன் கார்டு இன்னும் வரல. போன வாரம் என் ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒண்ணு படுத்துடுச்சு. வீட்டுல இருந்துதான் போன்ல பேசிட்டிருந்தேன். உங்க டீம்ல யார் பண்ணினது, பேரைச் சொல்லுன்னு மேலதிகாரி குடைஞ்சுட்டே இருந்தார். எங்க டீம் பண்ணினது, நான்தான் பொறுப்பு, என்னைக் கேளுங்கன்னுட்டேன்.

சமையல்கட்டுல இருந்து அவ குரல் வந்துச்சு.

"ஏனுங்க, கார்டு வந்துடுச்சா?"