இரண்டு முறை விமானம் ஏறிய கொள்ளு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். வாயால் சொல்லிவிடலாம் என்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துபாய்க்கு லாரி ஓட்டப் போயிருந்தார். அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். மாமா போன பிறகுதான் அத்தை மாசமாக இருப்பது தெரிந்தது. அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. செய்தி கிடைத்ததும் மாமா வேலையே வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டார்.

வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். போகும்போது அம்மா கொடுத்தனுப்பிய கொள்ளில் பாதியையும் திருப்பிக் கொண்டுவந்தார். சமைக்க நேரமில்லையாம், கொட்ட மனசும் வரவில்லையாம்.

மாமா வந்து சில நாள் கழித்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். மாமா விமான நிலையத்துக் கதை சொன்னார்.

"பையெல்லாம் ஒரு பொட்டிக்குள்ள நொழையுதுங்க மச்சான். உள்ள இருக்கறது அத்தனையும் டிவில தெரியுது. அக்கா சுட்ட முறுக்கு எலும்பாட்டத் தெரிஞ்சுதுன்னாப் பாருங்களேன்!"

"அட, அது எக்ஸ்ரே மாப்பிள்ள," என்றார் அப்பா. "எனக்குக் கால் ஒடஞ்சப்ப சேலத்துல எடுத்தாங்களே, அதுதான். மாசமா இருக்கறவங்க உள்ள வரக்கூடாதுன்னு கதவுலயே எழுதிப் போட்டிருந்தான்."

சொன்ன பிறகுதான் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தையின் கையில் பாதி தின்ற பேரீச்சம்பழம் இருந்தது.

"இத்தன நாளாத் தின்னுட்டு இருக்கறேனுங்களே, நங்கையா," என்று அம்மாவைப் பார்த்து அழத் தொடங்கினார்.

அன்றிலிருந்து அத்தைக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. மாமா ராசிபுரத்துக்குக் கூட்டிப் போய் டாக்டரம்மாவிடம் காட்டினார். ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்களாம். "போன ரண்டு தடவையும் அப்படித்தானுங்க சொன்னாங்க," என்றார் அத்தை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தார்.

அம்மா அந்தக் கொள்ளுப் பையை எடுத்து அத்தையின் முன்னால் வைத்தார்.

"ஏம் புள்ள, வெதைக்கறதுக்கு முன்னால வெதைய என்ன பண்றோம்? நனச்சு, ஈரத்துணில கட்டிப் பாக்கறமில்ல? இந்தக் கொள்ளு போகயில ஒருக்கா, வாரயில ஒருக்கா அந்தப் பொட்டிக்குள்ள நொழஞ்சு வந்துருக்குது. இது மொளச்சா ஒன்ற புள்ளைக்கும் ஒண்ணுமில்ல. செரியா?"

"மொளைக்கலீன்னா?" என்றார் மாமா.

"நீ போய் மாட்டப் புடிச்சுக் கட்டு போ."

மூட்டை சமையல்கட்டு ஆணியில் தொங்கியது. போகிறபோதும் வருகிறபோதும் எல்லோரும் அதையே பார்த்தோம். அப்பா மட்டும் என்னைச் சீண்டினார். "பொண்ணாப் பொறந்தா ஒனக்குத்தான்டா. நல்லாக் கும்புட்டுக்க." நான் வெட்கத்தில் நெல்மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் முருங்கை மரத்தடியில் கோழிகள் ஊறிய கொள்ளைக் கொத்திக்கொண்டிருந்தன.

"அம்மா, கோழி கொள்ளத் திங்குது!"

"தின்னாத் தின்னுட்டுப் போவுது. கத்தாத சாமி, போய்ப் பல்ல வெளக்கு."

அதற்கடுத்த நாள் அம்மா மூட்டையை அவிழ்த்தார். ஒவ்வொரு கொள்ளிலும் வெள்ளையாக ஒரு வால். அத்தை அதைக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மா அதை வாங்கித் துணியை விலக்கினார். கைவிரல், கால்விரல், காது, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பொட்டப் பிள்ளையென்று அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் குழந்தைதான் என் மனைவி.

போன வாரம் எங்கள் மகன் வெளிநாட்டு வேலைக்குப் பெட்டி கட்டினான். அந்த எக்ஸ்ரே பெட்டிக்குள் போனால் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டேன். "டார்ச் அடிச்சா முறுக்குக்குள்ள வெளிச்சம் தங்கிக்குமாப்பா? அதாட்டந்தான், வந்த வழியே போயிரும்," என்று சிரித்தான்.

மனைவி அடுப்பில் கொள்ளை வறுத்துக்கொண்டிருந்தாள். ஏன் வறுக்கிறாய் என்றேன்.

"வறுக்காம அனுப்புனா வண்டு உழுந்துருமுங்க. ஒங்கம்மா சொல்லிக் குடுத்ததுதான். எங்கப்பா துபாய் போறப்பவும் இப்படி வறுத்துத்தான் குடுத்துட்டாங்களாம்."

வறுத்த கொள்ளு எங்கே முளைக்கும்? முருங்கை மரத்தடிக் கோழிகள் கண்முன் வந்தன.

வறுத்ததை மறந்து கட்டினாரா, தெரிந்தே கட்டினாரா என்று கேட்க அம்மா இப்போது இல்லை. மகன் சொன்ன டார்ச் விளக்கத்தைச் சொல்லவும் ஆளில்லை. ஆணியில் தொங்கியது விமானமே ஏறாத எங்கள் வீட்டுப் பானைக் கொள்ளு. அது முளைத்ததும் எங்கள் எல்லோருடைய பயமும் போனது. அம்மா மட்டும் குழந்தை பிறக்கும் வரை அந்தப் பயத்தைத் தனியாக வயிற்றில் சுமந்துகொண்டு, எங்களுக்குச் சோறு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். வராந்தாவில் அவர் அழுதபோது, முந்தானையை இழுத்து, "வாம்மா, ஊட்டுக்குப் போலாம்," என்று நச்சரித்தேன்.

மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. படித்துக்கொள்ளட்டும்.

மகன் விமானம் ஏறிய மறுநாள், ஆவணி முதல் ஞாயிறு.