ஊருக்கு ஒரு டிக்கெட்

தீப்பெட்டி ஆபீசில் வேலை நின்றுபோனதால் கோவில்பட்டியை விட்டு இடைசெவல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒருவர் பையோடு போனார். நாற்பது வயதிருக்கும், சட்டை மட்டும் வேறு பெரிய ஆளுடையதுபோல் தொங்கியது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வாரில் ஒரு குறையும் இல்லை. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் செய்தார்.

பையை நான் வாங்கிக்கொண்டேன்.

“எங்கிருந்து வாரீய, அண்ணாச்சி?”

“கேரளாவுல கல்லுடைக்கிற கிரஷர், தம்பி. கல்லுத் தூசி நெஞ்சுல அடைச்சிட்டு. ஓனரே டிக்கெட் எடுத்து பஸ் ஏத்திவிட்டாரு.”

“நல்ல மனுசன்தான்.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலானது. “இருமுத எல்லாரையும் அப்படித்தான் அனுப்புவாவ. அங்கன ஒருத்தரும் சாகலன்னு சொல்லிக்கிடலாம்லா. சாவு பூரா நம்ம ஊருலதான். நீ அந்தப் பக்கம் போயிராதல.”

இடைசெவல் வந்ததும் பையைத் திரும்ப வாங்கினார். பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நிமிர்ந்து, குனியாமலே வீடு வரை நடந்தார்.

மழையில்லாத புஞ்சைக் காடுகளில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. மறுநாள் காலை, கேரளா கிரஷருக்கு ஆள் ஏற்றிய வேனில் ஏறினேன். ஏஜெண்ட் என் பேரைக் கேட்கவில்லை. சொந்த ஊர் எது என்றுதான் முதலில் கேட்டான். எனக்கென்று ஊர் கிடையாது. இடைசெவல் என்று சொல்லி வைத்தேன்.