கவிழ்த்த படகில் ஒரு வாய்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் என் படகுப் பட்டறையைத் தெரியாதவர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பைபர் படகு செய்ய யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முறிந்த படகுகளை அறுத்துப் பார்த்தே பழகினேன். இன்று திரியாயிலிருந்து வெருகல் வரை என் படகு நில்லாத கரை கிடையாது. அப்பேர்ப்பட்ட நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

பிழை ஒரு பாடகியின் வேலையில். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் பிறந்தவள். தேவாலயத்தில் கிற்றார் வாசிக்கத் தொடங்கி, கொழும்புக்குப் போய் ரொக் குழு வைத்தாள். சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டாள். பாட்டையும் தானே எழுதுவாள், இசைத்தட்டின் அட்டைப் படத்தையும் தானே வரைவாள். பிறகு அந்தப் படங்களே வளர்ந்து வெளிநாடுகளில் கண்காட்சி வைக்கும் அளவுக்குப் போய்விட்டன. சொந்த ஊரில் மட்டும் ஒரே தடவைதான் பாடினாள், இருபது வருடத்துக்கு முன். பாதியில் சனம் எழும்பிப் போய்விட்டது. போனவர்களில் நானும் ஒருவன். அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

போன வருடம் பட்டறைக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு பழைய படகு தருவியளோ? அதில படம் செய்து, பக்கத்தில நிண்டு பாடப்போறன். இந்த முறை சனம் கடைசி மட்டும் நிக்கவேணும்."

"என்ர படகு எண்டா சனம் நிக்கும், பிள்ளை."

கருநீலப் படகொன்றைக் கவிழ்த்துக் கொடுத்தேன். மூன்று மாதம் தார்ப்பாய் மறைவுக்குள் ஆணியும் உளியுமாய் இருந்தாள். நிகழ்ச்சியன்று காலை தார்ப்பாய் விலகிக் கிடந்தது. பார்த்தால் படகு முழுக்கக் கீறல் காயம். படம் ஒன்றையும் காணோம். பார்க்க ஆட்கள் வரும் படகுக்குப் புது வெள்ளை அடிக்காமல் விடுவதில்லை, அது எங்கள் பட்டறை வழக்கம். இனித்தான் வரையப்போகிறாள், பாவம், நேரம் போதவில்லை என்று நினைத்து, என் கையாலேயே முழுதும் அடித்து முடித்தேன்.

மத்தியானம் வந்தவள் படகைப் பார்த்தபடி மண்ணில் குந்திவிட்டாள்.

"இது ஆற்ற வேலை ஐயா?"

"என்ர கைதான். பாருங்கோ, பால் மாதிரி."

"அந்தக் கீறல்தான் ஐயா படம்."

பட்டறையின் மூத்த வேலையாள் கிண்ணியாக்காரர். "முதலாளி வாய் மூடினதை இண்டைக்குத்தான் கண்டன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் விரலால் பூச்சைத் தொட்டு இழுத்தாள். மேலே நீலம் தெரிந்தது. கீறலுக்குள் மட்டும் வெள்ளை தங்கி நின்றது. அதையே கனநேரம் பார்த்தாள்.

"இது எப்ப இறுகும்?"

"நிழலில கிடந்தால் பொழுதுபடும் மட்டும் இறுகாது. பூச்சைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ."

"அப்ப மண்ணெண்ணெயும் பழந்துணியும் தாங்கோ. சனம் வந்தபிறகு துடைப்பம்."

நாலு மணிக்குச் சனம் பட்டறைக்கு வந்தது. கவிழ்ந்த படகுக்கடியில் ஒலிபெருக்கியை வைத்தார்கள். கிற்றார் இடிபோல் எழும்ப, அவள் பாடிக்கொண்டே துடைத்தாள். துணி போன இடமெல்லாம் வெள்ளைக் கோட்டில் உருவங்கள் பிறந்தன: தேவாலயப் படி, மேடை, முதுகைக் காட்டிப் போகும் ஆட்கள். அதில் எது நானென்று தேடினேன். இத்தனை வருடம் படகு செய்தவன், ஒரு படகை இப்படி வாய்பிளந்து பார்த்ததில்லை. யாரும் அசையவில்லை.

முன்பக்கம் மட்டும் மிச்சமாய் இருந்தது. அவள் துணியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க அடிச்சது, நீங்களே துடையுங்கோ."

"பிள்ளை, அண்டைக்கு எழும்பிப் போனதில நானும்..."

"தெரியும் ஐயா. முன்வரிசையில இருந்தனீங்கள். துடையுங்கோ."

துடைத்தேன். என் கைக்கடியில் முழம் அகலத்துக்குத் திறந்த ஒரு வாய் வெளியே வந்தது. அதே நேரம் அவள் குரலை உச்சத்துக்கு ஏற்றினாள். படகு என் உள்ளங்கையில் அதிர்ந்தது. பாட்டு முடியும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.