மிதிக்காத நாலடி

கஞ்சன்ஜங்காவின் அடிவாரத்திலிருக்கும் குன்சா ஊருக்கு ஒரு விசித்திரமான பெருமை: தங்கள் மலையின் உச்சியை எவரும் மிதித்ததில்லை. அதே ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பே, ஆட்களை அந்த உச்சிக்கு அழைத்துப் போவதுதான். முதன்முதலில் ஏறிய வெள்ளைக்காரர்கள், சாமி குடியிருக்கும் உச்சியை மிதிப்பதில்லை என்று கொடுத்த வாக்குக்காகச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். அதுவே வழக்கமாயிற்று. மீறி மிதித்தவர்கள் உண்டா என்று கேட்டால் ஊர் பேச்சை மாற்றிவிடும்.

ஏறும் குழுவின் தலைவரை அங்கே சர்தார் என்பார்கள். நோர்கித் சர்தாரான முதல் பெண். அவளுக்குக் கீழே வேலை பார்க்க வேண்டிய கொழுந்தன் யாங்பு, புறப்படும் முன்பே ஆரம்பித்தான்.

"அண்ணி, மேல போனதும், நாம கூட்டிட்டுப் போற அந்த ஆஸ்திரியாக்காரன் உச்சில நின்னு ஒரே ஒரு போட்டோன்னு கெஞ்சுவான். நீங்க இளகிடுவீங்க. சாமி கோவிச்சுக்கிட்டு கல்மழை கொட்டி உருளைக்கிழங்கெல்லாம் போச்சுன்னா, ஊர்ல யாரு மூஞ்சில முழிக்கிறது?"

"உங்க அண்ணன்கிட்டயே நான் இளகினதில்ல. வாய மூடிட்டுக் கயித்தச் சுத்துடா."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குத் தெரியும். தான் ஒரு தடவை சறுக்கினால், அப்புறம் எந்தப் பெண்ணையும் ஊர் சர்தாராக்காது.

யாங்பு சொன்னபடியேதான் நடந்தது. யாங்பு கடைசி முகாமில் நின்றுவிட, உச்சிக்கு நாலடி கீழே பெர்ன்ட் என்ற அந்த ஆஸ்திரியர், கண்ணில் நீர் உறைய, மேலே நகரப் பார்த்தார்.

"நாலே அடி, நோர்கித். யாருக்குத் தெரியப் போவுது?"

"மலைக்குத் தெரியும் சார்."

"நான் காசு குடுத்து வந்திருக்கேன்!"

"ஏறுறதுக்குக் குடுத்தீங்க. இந்த நாலடி விலைக்கு இல்ல." பனிக்கோடரியை ஊன்றி, தங்கள் இருவரையும் பிணைத்திருந்த கயிற்றை அதில் சுற்றினாள். "கயிறு இதுக்கு மேல வராது."

பெர்ன்ட் கயிற்றைப் பார்த்தார், இருபுறமும் சரிந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் உச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இறங்கும்போது வழி நெடுக ஜெர்மனில் திட்டிக்கொண்டே வந்தார். அது புரியாதது நோர்கித்துக்கு வசதியாக இருந்தது.

அவர்கள் ஊர் திரும்பிய மாலை, ஊர் மொத்தமும் தோங்பா என்ற கேழ்வரகு மது குடிக்கக் கூடியிருந்தது. மூங்கில் குவளையில் ஊறிய கேழ்வரகின் மேல் வெந்நீரை ஊற்றியபடி, யாங்பு வேண்டுமென்றே உரக்கக் கேட்டான்.

"என்ன அண்ணி, உச்சியத் தொட்டீங்களா?"

"இல்ல."

"எவ்வளவு பாக்கி?"

"நாலடி."

உலகத்தில் வேறெந்த ஊரிலும் இதற்கு உச்சுக் கொட்டியிருப்பார்கள். குன்சா கூரை அதிரக் கத்தியது. நிரம்பிய முதல் குவளையை யாங்பு இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான்.

"எடுத்துக்குங்க, சர்தார்."