தெல்லெர்வோவின் "இன்னும் ஒண்ணு"

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு பிப்ரவரி வியாழக்கிழமை. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. எங்கள் குடியிருப்பின் நீராவிக் குளியலறையில் வியாழன் பெண்களின் முறை. மேல்பலகையில் வழக்கம்போல் தெல்லெர்வோ. போதும் என்று எல்லோரும் இறங்கும்போதுதான் அவர் அகப்பையை எடுப்பார். "இன்னும் ஒண்ணு" என்று கொதிக்கும் கற்கள்மேல் தண்ணீரை வீசுவார்.

வயது ஐம்பத்தெட்டு. தம்பெரே நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நோயாளிகளின் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, நுண்ணோக்கிக்காக முடியைவிட மெல்லிதாகச் சீவ வேண்டும். கை அதற்கே பழகிவிட்டது. குளித்தபின் தின்னும் கறுப்புத் தொத்திறைச்சியையும் அப்படித்தான் வெட்டுவார். "இதுக்குள்ளால ஜன்னல் தெரியுதுடி, எதைத் திங்கிறது?" என்பார் பஸ் ஓட்டும் இர்மெலி.

அன்று இர்மெலியின் மார்பிலும் தோளிலும் சிவப்புப் புடைப்புகள். குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கட்டு பட்ட தடம் என்றார். நாங்கள் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். தெல்லெர்வோ விரலால் அழுத்தினார்.

"இலை பட்ட சிவப்பு ஒரு பீர் குடிக்கிறதுக்குள்ள போயிடும். இது கல்லாட்டம் இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்டப் போ."

"மூணு மாசம் முன்னாடிதான் மார்பைப் படம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"நான் தோலைப் பத்திப் பேசறேன்."

மற்றதெல்லாம் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது, அதே பலகையில் கேட்டது.

இர்மெலியின் தோல்துணுக்கு தெல்லெர்வோவின் மேசைக்கே வந்திருக்கிறது. முதல் மூன்று சீவல்களில் வெறும் அழற்சி. இளம் டாக்டர் ஹெல்ஸ்தென் அதையே முடிவாக எழுதத் தொடங்கிவிட்டார்.

"டாக்டர், கத்தி பாதிகூடப் போகல. இன்னும் ஒண்ணு."

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க."

"எப்பவும் வெட்டவும்தானே செய்றேன்."

பதினோராவது சீவலில் எறும்புகள்போல ஒற்றை வரிசையில் செல்கள். மார்பகப் புற்று, தோல்வரை பரவியிருந்தது. ஹார்மோன் சோதனைச் சாயம் ஏற்றியதும் பழுப்பாயின. ஹார்மோனை நம்பி வளரும் வகை, மாத்திரைக்குக் கட்டுப்படும். கட்டியாகத் திரளாமல் நூல்நூலாக ஓடியதால் பழைய படத்தில் சிக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில்தான் இடது மார்பின் ஆழத்தில் அதன் மறைவிடம் தெரிந்தது. வேரோடு எடுக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். புற்று அடங்கியிருப்பதாக வந்த ஒவ்வொரு முடிவையும் இர்மெலி "ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் மாதம் புடைப்புகள் அமுங்கின. கோடையில் இர்மெலி மறுபடி பஸ் எடுத்தார். வியாழக்கிழமை மேல்பலகையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, "தொட்டுப் பாருங்கடி" என்றாராம். ஏழு பெண்களும் தொட்டார்கள். கடைசியாகத் தெல்லெர்வோ, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் இடமாக.

அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. போன வியாழன் குளித்து முடித்து உட்கார்ந்திருந்தோம். ஸ்கேன் முடிவுக்குப் போன இர்மெலியைக் காணோம். தெல்லெர்வோ தொத்திறைச்சிமேல் கத்தியைப் பிடித்தபடியே இருந்தார், வெட்டவில்லை. அவர் கைப்பேசி ஒலித்தது. இர்மெலியின் செய்தி, இரண்டே சொல்:

"இன்னும் ஒண்ணு."

தெல்லெர்வோ படித்தார். இரண்டு விரல் பருமனுக்கு ஒரு துண்டு வெட்டி, இர்மெலியின் தட்டில் வைத்தார்.