சூசை அண்ணனும் பேஸ்மன்ட் ஃபேனும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பெரிய கட்டடங்களுக்கு கிளீனிங், செக்யூரிட்டி, ஜெனரேட்டர் வேலை என்று போகிறார்கள். எங்களோடு வேலை செய்த சூசை அண்ணன் எப்படி இறந்தார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சுவிட்ச் அக்கா

எங்கள் ஆபீஸ் கட்டடம் இரத்தினபுரி டவுனில் இருக்கிறது. எட்டு மாடி. கீழே பேஸ்மன்ட்டில் கார் நிறுத்துவார்கள். நான் கிளீனிங் சூப்பர்வைசர்.

ஒருநாள் கொழும்பு ஹெட் ஆபீசிலிருந்து ஒரு எஞ்சினியர் மீட்டர்களோடு வந்தார். மாடி மாடியாக அளந்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நாம் எரிக்கும் ஒவ்வொரு யூனிட் கரண்டுக்கும் எங்கோ ஓரிடத்தில் எண்ணெயோ நிலக்கரியோ எரிகிறது, அந்தப் புகையால்தான் பூமி சூடாகிறது, மழை இப்படிக் கண்டபடி கொட்டுவதும் மண் சரிவதும் அதனால்தான் என்றார். எனக்கு அது நன்றாக விளங்கியது. எங்கள் தோட்டத்தில் மண் சரிந்து ஒரு லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், போனதைப் பார்த்தவள் நான்.

அன்றிலிருந்து ஆளில்லாத அறைகளில் லைட்டும் ஏசியும் அணைப்பது என் வேலையானது. என்னை எல்லாரும் 'சுவிட்ச் அக்கா' என்றார்கள். எட்டாம் மாடியில் பெரிய ஆபீசர்கள் இருக்கும் அறைகளை மட்டும் தொடக் கூடாது. அங்கே கோட் போட்டுக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஏசி ஓடும். வரவேற்பறை டிவியில் கட்டடத்தின் கார்பன் கணக்கு, அதாவது எங்கள் கரண்டால் எவ்வளவு புகை என்பது, கோடாக ஓடும். கோடு இறங்கினால் மெனேஜர் மாத்தயா, எங்கள் பெரிய ஐயா, சிரித்த முகத்தோடு இருப்பார்.

எக்ஸோஸ்ட் ஃபேன்

கோடு போதுமான அளவு இறங்கவில்லை. அதனால் பேஸ்மன்ட் எக்ஸோஸ்ட் ஃபேனை நிறுத்தினார்கள். பேஸ்மன்ட் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் பெரிய ஃபேன் அது. காலையில் கார்கள் வரும்போதும் மாலையில் போகும்போதும் மட்டும் ஓடும்படி டைமர் வைத்தார்கள்.

ஜெனரேட்டர் பேஸ்மன்ட் மூலையில் இருந்தது. பக்கத்தில் பலகை அடித்த ஒரு சின்ன அறை. ஆபரேட்டர் சூசை அண்ணன் அதில்தான் இருப்பார். எஞ்சின் புகை போகும் குழாய் அந்த அறைக் கூரையை ஒட்டி வெளியே போகும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வார். சாத்தாவிட்டால் எஞ்சின் சத்தத்தில் மேல் மாடிகளிலிருந்து வரும் போன் கேட்காது. லிப்டில் யாராவது மாட்டினால் அவருக்குத்தான் போன் வரும்.

அந்த மழைக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போனது. சூசை அண்ணனுக்குத் தலைவலி தொடங்கியது. வாந்தியும் வந்தது. நெற்றி நிறையத் தைலம் பூசிக்கொண்டு இருப்பார்.

"என்ன அண்ணே, மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"பித்தம் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்குப் போனா தலவலி ஓடிப்போயிருது. திங்கக்கிழமை வந்தா அதுவும் கூடவே வேலைக்கு வந்துருது. லீவு எடுக்காத ஒரே ஆளு அதுதான்."

"இந்த ஜெனரேட்டர் புகையா இருக்குமோ?"

"நம்ம லயத்துல பாக்காத புகையா? புகைன்னா முதல்ல கண்ணு தண்ணி விடணும். இங்க பாரு, கண்ணு பளிச்சுனு இருக்கு. டீசல் வாடை என்னைக்கும் உள்ளதுதானே. போ போ, எட்டாவது மாடியில லைட்டு எரியுதாம், போய் அணைச்சிட்டு வா பாப்போம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. புகைபோக்கி இல்லாத அடுப்படியில் வளர்ந்தவர்கள் நாங்கள். கண் எரியும், இருமல் வரும், சுவர் கறுக்கும். எங்களுக்குத் தெரிந்த புகை அதுதான்.

இருந்தாலும் கீழே புழுக்கமாக இருக்கிறது, ஃபேனைப் போடலாமா என்று மெனேஜரிடம் ஒருதரம் கேட்டேன். அவர் சிங்களவர், தமிழும் பேசுவார்.

"ஐயோ அக்கே, அந்த ஃபேன் ரொம்ப கரண்ட் இழுக்குது. கீழே யாரு இருக்கா? கார்தானே இருக்கு?"

"சூசை அண்ணன் இருக்காரு மாத்தயா."

"ஹரி, ஹரி, சரி பாப்போம்," என்றார். அதற்கு மேல் கேட்காமல் என் வேலைக்குத் திரும்பினேன்.

மழை நாள்

ஒருநாள் காலையில் மலைப் பக்கம் மண் சரிந்து கரண்ட் கம்பம் விழுந்துவிட்டது. விடிந்ததிலிருந்து ஜெனரேட்டர் ஓடியது. கார்கள் வந்து முடிந்ததும் டைமரில் ஃபேன் நின்றுவிட்டது. மழை சாரல் அடிக்கிறதென்று பேஸ்மன்ட் ஷட்டரையும் பாதி இறக்கியிருந்தார்கள். பத்து மணி தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனேன். சூசை அண்ணன் கதிரையில் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, போன் அடிக்குது."

தோளைத் தொட்டேன். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாய் ஓரத்தில் நுரை. ஆள் கூப்பிட வெளியே ஓடியபோது எனக்கே கால் பின்னியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். செக்யூரிட்டியும் டிரைவரும் வந்து அவரை மழையில் இழுத்துப் போட்டார்கள். மெனேஜர் மாத்தயாவே தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோனா, அந்த அம்மா, முதலில் கேட்டது, அடைத்த அறையில் எஞ்சின் ஓடியதா என்றுதான். அறைக் கூரையை ஒட்டிப் போன புகைக் குழாயில் விரிசல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் புகையில் நிறமும் வாசமும் இல்லாத ஒரு விஷ வாயு உண்டு, அது கண்ணைக் கரிக்காது, ஆளைத் தூங்க வைத்துக் கொன்றுவிடும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார்.

சாயங்காலம் சூசை அண்ணன் இறந்தார். அவர் மனைவி பிலோமினா ரப்பர் பால் வெட்டிய உடுப்போடு தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க புகை இருந்துச்சா?"

"இல்ல பிள்ளை. நான் பாக்கல."

"அப்ப எப்படிக்கா? புகையே இல்லாம எப்படி?"

டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவள் நம்பவில்லை. யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று கொரிடோரில் கதறினாள். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு

கரண்டை மிச்சம் பிடியுங்கள். அது நல்ல வேலை, நான் இன்றும் செய்கிறேன். ஆனால் ஒரு சுவிட்சை அணைக்கும்போது அது எந்த ஆளுக்காக ஓடுகிறது என்று கேளுங்கள். அடைத்த இடத்தில் எஞ்சின் ஓடினால் கண்ணையும் மூக்கையும் நம்பாதீர்கள். தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள். தைலமெல்லாம் பிறகு. உங்களால் பேச முடியாவிட்டால், பேசக் கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை, ஆபரேட்டர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் எம்பிலிப்பிட்டியவிலிருந்து வேறொரு ஆபரேட்டரை அனுப்பினார். சாப்பாட்டுப் பார்சலை எங்கே வைப்பது என்று அவர் என்னிடம் கேட்டார். கீழே வேண்டாம், மேலே எங்கள் கிளீனிங் அறையில் வைக்கச் சொன்னேன்.